பொம்மை கேமராவோடு முதல் மூன்று ரோல்

பிளாஸ்டிக் உடம்பு, பிளாஸ்டிக் லென்ஸ், ஒரே ஒரு ஷட்டர் வேகம். பொம்மை கேமரா என்று சொல்லப்படும் மலிவான பிலிம் கேமராவைக் கையில் எடுத்ததும், எங்கே எதைத் திருப்பலாம் என்றுதான் எல்லோரும் தேடுவார்கள். திருப்புவதற்கு அதில் அநேகமாக ஒன்றும் இருக்காது. பெரும்பாலான கேமராக்களில் லென்ஸின் துவாரம் மாறாது, வேகம் மாறாது, ஃபோகஸும் மாறாது. உங்கள் கையில் இருப்பவை மூன்றுதான்: நீங்கள் நிற்கிற இடம், பொருளின் மேல் விழுகிற வெளிச்சம், உள்ளே போடுகிற பிலிம்.

இந்தக் கேமராக்கள் மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்ததற்கு அதுவே காரணம். டிஜிட்டல் கேமராவில் வெளிச்சம் குறைந்தால் அது தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. இங்கே வெளிச்சம் குறைந்தால் படம் கிடையாது. பத்துப் படம் எடுப்பதற்குள் நிழல், மேகம், ஜன்னலோரம் எல்லாவற்றையும் கண் தனித்தனியாக அளக்கத் தொடங்கிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் முதல் ரோலிலேயே டபுள் எக்ஸ்போஷர், கலர் பேப்பர், காலாவதியான பிலிம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். கழுவி வந்த பிறகு, நன்றாக வந்த படம் எதனால் நன்றாக வந்தது, கெட்ட படம் எதனால் கெட்டது என்று சொல்ல முடிவதில்லை. அதனால் மூன்று ரோலாகப் பிரித்துச் செய்யச் சொல்கிறேன். முதல் ரோலில் கேமராவின் குணத்தைத் தெரிந்துகொள்வது. இரண்டாவதில் லென்ஸுக்கு முன்னால் எதையாவது வைத்துப் பார்ப்பது. மூன்றாவதில் ஒரே பிலிமில் இரண்டு தடவை எடுப்பது.

எந்தக் கேமரா

இந்த வகைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் செய்யப்பட்ட டயானா, அதே ஊரில் 1982-ல் வந்த ஹோல்கா இரண்டும் எல்லோருக்கும் கட்டுப்படியாகிற விலையில் ஒரு கேமரா கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஓரம் இருண்டு, நடு மட்டும் ஓரளவு தெளிந்து, எங்கிருந்தோ வெளிச்சம் கசிந்து வருகிற அந்தப் படங்களைப் பிற்பாடு புகைப்படக் கலைஞர்கள் வேண்டுமென்றே தேடிப் போனார்கள். இரண்டுமே 120 என்ற அகலப் பிலிமில் ஓடுகிறவை. ஹோல்காவில் சதுரமாக எடுத்தால் ஒரு ரோலுக்கு 12 படம்தான்.

தொடங்குகிறவர்களுக்கு 35 மி.மீ. பிலிம் போடுகிற கேமராவே நல்லது. ஒரு ரோலில் 36 படம் கிடைக்கும், கழுவித் தருகிற லேப்பும் எளிதில் அகப்படும். இதிலேயே அரை ஃப்ரேம் என்று ஒரு வகை உண்டு. ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு முழுப் படத்துக்கான இடத்தில் இரண்டு சிறிய படங்களை நிமிர்வாக எடுக்கும். 36 படம் ரோலில் 72 வரும். 2022-ல் வந்த கோடாக் எக்டார் எச்35 அப்படிப்பட்டது. அதன் லென்ஸ் 22 மி.மீ., துவாரம் எஃப் 9.5 (இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிது), ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் இல்லாத மலிவு கேமராக்கள் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் இருக்கும்.

பழைய கேமரா வாங்குவதானால் ஒரு சோதனை செய்துவிட்டு வாங்குங்கள். பின்கதவைத் திறந்து, பிலிமின் ஓட்டைகளில் மாட்டுகிற பல்சக்கரத்தை விரலால் உருட்டுங்கள். இந்த வகையில் பல கேமராக்களில் அந்தச் சக்கரம் சுற்றினால்தான் ஷட்டர் தயாராகும். அதனால் பிலிம் இல்லாமல் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, கெட்டுப்போன கேமரா என்று முடிவு கட்ட வேண்டாம். சக்கரம் நின்றதும் கேமராவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னாலிருந்து பார்த்தபடி பட்டனை அழுத்துங்கள். வட்டமாக ஒரு மின்னல் தெரிந்தால் ஷட்டர் வேலை செய்கிறது. லென்ஸில் பூஞ்சை, உள்ளே உடைந்த துண்டு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஃப்ளாஷ் உள்ள கேமராவின் கூட்டை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். அந்த அதிர்ச்சி விளையாட்டுக் காரியம் இல்லை.

எந்தப் பிலிம்

முதல் ரோலுக்குக் கலர் நெகட்டிவ், அதாவது நிறங்கள் தலைகீழாகப் பதியும் சாதாரணக் கலர் பிலிம், ஐஎஸ்ஓ 400. ஐஎஸ்ஓ என்பது பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சுலபமாக உணர்கிறது என்று காட்டும் எண்; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒருமுறை புரிந்துவிட்டால் எந்தப் பொம்மை கேமராவுக்கும் அதுவே போதும்.

நல்ல வெயிலில் துவாரத்தை எஃப் 16-ல் வைத்தால், ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஐஎஸ்ஓ 400 என்றால் நொடியில் 400-ல் ஒரு பங்கு. நம் கேமராவோ 100-ல் ஒரு பங்கில் நிற்கிறது; அது இரண்டு ஸ்டாப் அதிகம். துவாரமும் எஃப் 16-க்குப் பதில் எஃப் 10-ஐ ஒட்டி இருப்பதால் இன்னும் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது. ஆக வெயிலில் பிலிமுக்குத் தேவையானதைப்போல எட்டு மடங்குக்கும் அதிகமான வெளிச்சம் போகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் கலர் நெகட்டிவ் பிலிம் அதிக வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். குறைந்த வெளிச்சத்தைத்தான் தாங்காது. கெட்டி மேகம் மூடிய நாளில், அல்லது திறந்த வானத்தின் கீழ் நிழலில், வெயிலைவிட மூன்று ஸ்டாப் குறையும். அங்கே இதே கேமராவும் இதே பிலிமும் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்திவிடும். அதாவது 400 போட்டால் வெயிலும் தப்பிக்கும், நிழலும் தப்பிக்கும். 200 போட்டால் வெயிலில் படம் இன்னும் அழகாக வரும், நிழலில் ஒரு ஸ்டாப் குறைந்து கொஞ்சம் மங்கும்.

வீட்டுக்குள்ளே? சாதாரண விளக்கு வெளிச்சம் இந்தக் கேமராவுக்கு நாலைந்து ஸ்டாப் போதாது. கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் சரி, ஃப்ளாஷ் இல்லாமல் உள்ளே எடுக்காதீர்கள்.

சாதாரணக் கலர் நெகட்டிவ் எந்தக் கம்பெனியினுடையதானாலும் சி-41 என்ற ஒரே முறையில்தான் கழுவப்படுகிறது. 38 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் என்ற ரசாயனத்தில் 3 நிமிடம் 15 நொடி. அதனால் எந்தக் கலர் லேப்பிலும் கொடுக்கலாம். கறுப்பு வெள்ளைதான் பிடிக்கும் என்கிறவர்கள் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் போடலாம். அதையும் சி-41-லேயே கழுவிவிடலாம். ஸ்லைடு பிலிமை (இயல்பான நிறத்திலேயே படம் வருவது) இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பிலிமில் படும் வெளிச்சம் கொஞ்சம் பிசகினாலும் அது தாங்காது. வேகத்தை மாற்ற முடியாத கேமராவுக்கு அது ஒத்துவராது.

பிலிம் போடுதல்

நிழலில் நின்றுகொண்டு போடுங்கள். ரோலை இடது பக்கக் குழியில் வைத்து, பிலிமைத் திரும்ப டப்பாவுக்குள் சுற்றுவதற்கான ரீவைண்டு கைப்பிடியை அழுத்தி இறக்குங்கள். பிலிமின் நாக்கை (டப்பாவுக்கு வெளியே நீளும் முனையை) இழுத்து வலது பக்க உருளையின் பிளவில் செருகுங்கள். பிலிமின் ஓட்டையில் பல்சக்கரத்தின் பல் உட்கார வேண்டும். கதவை மூடுவதற்கு முன்பே ஒரு தடவை சுற்றி, நாக்கு உருளையைச் சுற்றி வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். இதில் சிக்கனம் பார்த்து, நாக்கைக் கொஞ்சமாகச் செருகாதீர்கள்.

கதவை மூடியபின் ரீவைண்டு கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகத் திருப்பி, உள்ளே இருக்கும் தொய்வை எடுத்துவிடுங்கள். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை பிலிமை நகர்த்தும்போதும் அந்தக் கைப்பிடி தானாகப் பின்பக்கம் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் பிலிம் ஓடுகிறது. படம் எண்ணும் முள்ளை நம்பக் கூடாது, பிலிம் நகராவிட்டாலும் சில கேமராக்களில் அது ஏறிக்கொண்டே போகும். நான் ஒரு முழு நாள் அலைந்து எடுத்த ரோல் ஒன்று வெற்றாக வந்தது இதனால்தான். நாக்கு உருளையிலிருந்து நழுவியிருக்கிறது, எண் மட்டும் 36 வரைக்கும் ஏறியிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் என் கண் முதலில் அந்தக் கைப்பிடிக்குத்தான் போகிறது.

கதவை மூடியதும் முதல் இரண்டு ஃப்ரேமை வீணாக அழுத்திவிட்டு மூன்றாவதில் தொடங்குங்கள்.

முதல் ரோல்: கேமராவைத் தெரிந்துகொள்வது

இந்த ரோலில் அழகான படம் வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கூடவே வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எண், வெளிச்சம், தூரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். போனில் எழுதுவதைவிட நோட்டு நல்லது என்பது என் அனுபவம். நெகட்டிவையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

முதலில் தூரம். எழுத்துகள் உள்ள ஒரு பலகையோ சுவரொட்டியோ பார்த்து, அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டு, நாலு மீட்டர் என்று தள்ளித் தள்ளி நின்று எடுங்கள். ஃபோகஸ் நிலையான லென்ஸ் ஒரு குறிப்பிட்ட தூரத்திலிருந்து அப்பால் எல்லாவற்றையும் ஓரளவு தெளிவாகக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். பெட்டியில் ஒரு மீட்டர் என்று போட்டிருந்தாலும் உங்கள் கையிலிருக்கும் கேமராவுக்கு அது ஒன்றே கால் மீட்டராக இருக்கலாம். ஹோல்கா போல ஃபோகஸ் வளையம் உள்ளதானால் ஒரு ஆள், சிறு குடும்பம், கூட்டம், மலை என்று படம் போட்டிருக்கும். அவை தோராயமாக 1, 2, 6, 10 மீட்டரைக் குறிப்பவை. அவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஒரே ஆளை, அல்லது ஒரே பூந்தொட்டியை, நேர் வெயிலில், நிழலில், மேகம் மூடியபோது, வாசற்படியில், ஜன்னலுக்கு உள்ளே என்று வரிசையாக எடுங்கள். ஃப்ளாஷ் இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு மீட்டரில் ஒவ்வொன்று. இந்தப் படங்கள் கையில் இருந்தால், அப்புறம் எந்த இடத்தில் நின்றாலும் இங்கே படம் வருமா வராதா என்று உங்களால் சொல்ல முடியும்.

பிறகு வியூஃபைண்டர். அது லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸுக்கு மேலேயோ பக்கத்திலேயோ இருக்கும் தனி ஜன்னல். அதனால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மூடி இருந்தால் முதல் நாளே அதை வீட்டில் விட்டுவிடுவது உத்தமம். இன்னொன்று, கிட்டத்தில் எடுக்கும்போது நீங்கள் பார்த்ததும் பிலிமில் விழுந்ததும் ஒன்றாக இருக்காது. ஒரு கதவையோ ஜன்னல் சட்டத்தையோ வியூஃபைண்டரின் நாலு மூலையிலும் சரியாகப் பொருத்தி, ஒன்றரை மீட்டரிலும் ஐந்து மீட்டரிலும் எடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று தெரிந்துவிடும்.

செங்கல் சுவர் ஒன்றை நேராக நின்று எடுங்கள். கோடு வளைவது, ஓரம் இருள்வது, மூலை குழம்புவது எல்லாம் ஒரே படத்தில் கிடைக்கும். சூரியனைப் பக்கவாட்டில் வைத்து ஒன்று, கிட்டத்தட்ட எதிரே வைத்து ஒன்று எடுத்தால் பிளாஸ்டிக் லென்ஸில் வெளிச்சம் எப்படிப் பரவி வழிகிறது என்று தெரியும். எனக்கு இந்தக் கேமராக்களில் மிகவும் பிடித்தது அந்த வழிசல்தான்.

மீதி ஃப்ரேம்களில் மனம் போனபடி எடுங்கள். ஒன்று மட்டும் கவனம். கேமரா எடை குறைவானது, அதனால் பட்டனை அழுத்தும்போதே ஆடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பட்டனைக் குத்தாமல் மெல்ல அழுத்துங்கள்.

கழுவக் கொடுக்கும்போது

ரோல் முடிந்ததும் நகர்த்தும் சக்கரம் இறுகி நிற்கும். பலம் கொடுத்தால் பிலிம் கிழிந்துவிடும். அடியில் இருக்கிற சின்ன பட்டனை அழுத்திக்கொண்டு ரீவைண்டு கைப்பிடியைச் சுற்றுங்கள். கடைசியில் ஒரு இழுப்பு தளர்ந்து கைப்பிடி லேசாகச் சுழலும். அதற்கு அப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும்.

லேப்பில் மூன்று விஷயம் வாய்விட்டுச் சொல்லுங்கள், முடிந்தால் உறையின் மேல் எழுதியும் கொடுங்கள். நெகட்டிவ் திரும்ப வேண்டும். ஸ்கேன் செய்யும்போது நிறத்தையும் வெளிச்சத்தையும் தானாகச் சரிசெய்ய வேண்டாம். அரை ஃப்ரேம் என்றாலோ, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலோ, வெட்டாமல் நீளமாகவே தர வேண்டும். நான் ஒருமுறை இதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு லேப் ஸ்கேன்களை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவை எறிந்துவிட்டது. அந்த ரோலிலிருந்து நான் கற்றிருக்க வேண்டியது பாதிக்கு மேல் அதோடு போய்விட்டது. ஸ்கேன் என்பது இயந்திரத்தின் அபிப்பிராயம்; வெளிச்சம் குறைவாகப் பட்ட படத்தையும் அதிகமாகப் பட்ட படத்தையும் ஒரே மாதிரி ஆக்கிக் காட்டிவிடும்.

நெகட்டிவை வெள்ளைத்திரை போட்ட போனின் மேல் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் எண்ணும் பிலிம் பெயரும் தெரிகின்றன, நடுவில் ஒன்றுமே இல்லை என்றால் கழுவியதில் தவறில்லை. பிலிம் நகரவில்லை, ஷட்டர் திறக்கவில்லை அல்லது லென்ஸ் மூடியிருந்தது. ஓரத்து எழுத்துகள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்படுபவை. அவையும் இல்லையென்றால் கழுவும்போதுதான் ஏதோ நடந்திருக்கிறது. முழுக்கக் கறுத்திருந்தால் பிலிம் எங்கோ வெளிச்சம் பார்த்துவிட்டது. நடுவிலுள்ள படம் கண்ணாடி போல மெலிந்திருந்தால் வெளிச்சம் போதவில்லை. அது எந்த எண் என்று பார்த்து நோட்டில் அந்த வரியைப் படியுங்கள்.

ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் ஆரஞ்சு அல்லது சிவப்புக் கீற்று வந்தால், பின்கதவு ஓரமாக வெளிச்சம் கசிகிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூடிய கதவின் விளிம்பில் ஒட்டினால் நின்றுவிடும். அந்தக் கீற்று பிடித்திருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு ரோலாவது ஒட்டிப் பாருங்கள். கசிவு எங்கிருந்து என்று தெரிந்தால், வேண்டும்போது டேப்பை எடுத்து வேண்டாதபோது ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது ரோல்: லென்ஸுக்கு முன்னால்

இங்கே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். எதை மாற்றினாலும் அதே காட்சியை மாற்றாமல் ஒரு முறையும், மாற்றி ஒரு முறையும் எடுக்க வேண்டும்.

கலர் கண்ணாடிப் பேப்பரை லென்ஸ் மேல் பிடிப்பது எளிது, ஆனால் முழுப் படமும் ஒரே சாயத்தில் மூழ்குவது சீக்கிரம் அலுத்துவிடும். பாதி லென்ஸை மட்டும் மறைத்தால் நிறம் மெல்லக் கரைந்து போகும்; அது அழகு. ஃப்ளாஷின் மேல் ஒட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். பின்னணி இயல்பாக இருக்க, முன்னால் நிற்பவர் மட்டும் சிவப்பாகவோ நீலமாகவோ வருவார். சாயங்காலம், ஆகாயம் இன்னும் வெளுப்பாக இருக்கும் அந்தக் கால் மணி நேரம் இதற்கு ஏற்றது. வாஸ்லைன் தடவி மங்கலாக்க நினைத்தால் லென்ஸில் தடவாதீர்கள், ஒரு துண்டுத் தெளிவான பிளாஸ்டிக்கில் தடவி முன்னால் பிடியுங்கள்.

என்னை நெடுநாள் பிடித்துவைத்திருந்தது வேறு ஒன்று. படிக்கிற கண்ணாடி. +2 பவர் கண்ணாடி ஒன்றை லென்ஸை ஒட்டிப் பிடித்தால், ஒரு மீட்டருக்கு உள்ளே எதையும் பார்க்க முடியாத இந்தக் கேமரா திடீரென்று கைக்கெட்டும் தூரத்தைப் பார்க்கத் தொடங்கும். கணக்கு எளிது. ஒரு மீட்டரைப் பவரால் வகுத்தால் அரை மீட்டர். தொலைவுக்கு ஃபோகஸ் ஆன லென்ஸ், +2 கண்ணாடியோடு அரை மீட்டரில் தெளிவாகும். பொம்மை கேமராவின் ஃபோகஸ் சுமார் மூன்று மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் அது 43 செ.மீ. ஆகும். +3 என்றால் 30 செ.மீ. இலை, கை விரல், பூனையின் முகம் எல்லாம் இப்போது எட்டும்.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நூல் ஒன்றை 43 செ.மீ. அளந்து வெட்டி, ஒரு நுனியைக் கேமராவில் ஒட்டிவிடுங்கள். மறுநுனி பொருளைத் தொடும்படி நீட்டி, நூலை விட்டுவிட்டு அழுத்துங்கள். வியூஃபைண்டர் இந்தத் தூரத்தில் உதவாது. லென்ஸுக்கும் வியூஃபைண்டருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துகொண்டு, பார்த்துப் பொருத்தியபின், வியூஃபைண்டர் இருந்த இடத்துக்கு லென்ஸ் வரும்படி கேமராவை அந்த அளவு நகர்த்துங்கள். முதல் நாலைந்து படங்கள் தப்பும். 40, 43, 46 செ.மீ. என்று மூன்று நூல் வைத்து ஒரே இலையை எடுத்துப் பார்த்தால் உங்கள் கேமராவின் சரியான எண் கிடைத்துவிடும்.

அரை ஃப்ரேம் கேமரா வைத்திருப்பவர்கள் இந்த ரோலிலேயே ஜோடிப் படங்களையும் முயலலாம். முகம் ஒன்று, அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்று. தூரத்திலிருந்து மரம், கண்ணாடி வைத்து அதன் பட்டை. இரண்டு அரைப் படங்கள் சேர்ந்து ஒரே ஸ்கேனாக வரும்போது எது எதோடு விழும் என்பது பிலிம் தொடங்கிய இடத்தைப் பொறுத்தது. ஆகவே முகம், காட்சி, மறுபடி முகம் என்று மூன்று மூன்றாக எடுங்கள், எப்படி விழுந்தாலும் ஒரு ஜோடி கிடைக்கும்.

மூன்றாவது ரோல்: ஒரே பிலிமில் இரண்டு தடவை

சில கேமராக்களில் பிலிமை நகர்த்தாமலே மறுபடி பட்டனை அழுத்தலாம். ஹோல்கா அப்படித்தான், டபுள் எக்ஸ்போஷருக்குத் தனி ஏற்பாடே வேண்டாம். பல 35 மி.மீ. பொம்மை கேமராக்களில் அது முடியாது, பிலிம் நகர்ந்தால்தான் ஷட்டர் தயாராகும். அதற்கு ஒரு வழி உண்டு: முழு ரோலையும் எடுத்து முடித்து, சுற்றி, மறுபடி போட்டு மறுபடி எடுப்பது.

செய்வதற்கு முன், பிலிம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிலிம் வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டே போகும், ஒருமுறை பட்டதைக் கழிக்காது. முதல் படத்தில் பளிச்சென்ற வானம் இருந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது; அங்கே இரண்டாவது படம் ஒட்டாது. முதல் படத்தில் இருட்டாக இருந்த இடம் காலியாக இருக்கிறது; இரண்டாவது படம் அங்கேதான் குடியேறும். அதனால் வெளுத்த வானத்துக்கு எதிரே ஒருவரை நிறுத்தி நிழலுருவமாக எடுத்து, அதன்மேல் இலைகளையோ தண்ணீர் அலையையோ எடுத்தால், ஆளின் உருவத்துக்குள்ளே மட்டும் இலையும் அலையும் நிறையும். இரண்டு வெயில் காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வெளிறிய குழப்பம்தான் மிஞ்சும்.

இதற்கு ஐஎஸ்ஓ 200 பிலிம் போடுங்கள். இரண்டு தடவை சமமான வெளிச்சம் பட்டால் ஒரு ஸ்டாப் கூடும். 400-ஐவிட 200-க்கு அதற்கு இடம் அதிகம்.

பிலிமை முதல்முறை போடும்போது, கதவை மூடுவதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். பிலிம் படம் விழும் ஜன்னலின் இடது விளிம்பை எங்கே தொடுகிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு, பல்சக்கரத்தில் எந்த ஓட்டை உட்கார்ந்திருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி. இரண்டாம்முறை போடும்போது கோடும் புள்ளியும் அதே இடத்தில் உட்கார்ந்தால் ஃப்ரேம்கள் ஏறக்குறையப் பொருந்தும். மலிவான கேமராவின் சக்கரம் கொஞ்சம் வழுக்கும், அதனால் ரோலின் கடைசியில் சில மில்லிமீட்டர் தள்ளிப்போவது சகஜம். அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

எடுத்து முடித்துச் சுற்றும்போதுதான் காது வேண்டும். கேமராவைக் காதோடு வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிலிம் உருளையிலிருந்து விடுபடும்போது ஒரு சின்னச் சத்தமும் கையில் ஒரு தளர்வும் தெரியும். அதோடு நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் நாக்கு வெளியே நிற்கும். இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் நாக்கு டப்பாவுக்குள்ளே போய்விடும். போனாலும் கவலையில்லை, அதை வெளியே இழுக்க ஒரு தட்டையான கருவி இருக்கிறது. லேப்பில் கேட்டால் இழுத்துத் தருவார்கள். இந்த ரோலை ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று டப்பாவிலேயே எழுதிவையுங்கள்.

முதல் சுற்றை இன்னொருவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லி, இரண்டாவது சுற்றை நீங்கள் எடுப்பது இதில் மிக இனிமையான வகை. அவர் என்ன எடுத்தார் என்று கேட்காதீர்கள். ஆனால் ஒரு உடன்பாடு வேண்டும். அவர் நிழலுருவங்களும் இருட்டுப் பின்னணியும் எடுக்கட்டும், நீங்கள் இலை, சுவர், துணி, தண்ணீர் என்று பரப்புகளை எடுங்கள். அந்த அளவு பேசிக்கொண்டால் 36-ல் பத்தாவது நிச்சயம் பார்க்கும்படி இருக்கும். பேசாமல் எடுத்த என் ரோல்களில் மூன்று கிடைத்தாலே பெரிது.

இரண்டு சுற்றுக்கும் நடுவே நாள் கணக்கில் இடைவெளி விழும். எடுத்த பிலிமை மூடிய காருக்குள் வெயிலில் விட்டுவைக்காதீர்கள், சூடு நிறத்தைக் கெடுக்கும். விமானத்தில் போவதானால் பெட்டிக்குள் வைத்து அனுப்பாமல் கையோடு எடுத்துப் போய், கையால் சோதிக்கும்படி கேளுங்கள். இப்போது பல விமான நிலையங்களில் இருக்கும் சிடி ஸ்கேனர்கள் கழுவாத பிலிமை மூட்டமாக்கிவிடும்.

அப்புறம்

மூன்று ரோல் முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பிலிமை எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீர் போன்றவற்றில் ஊறவைப்பது. நிறங்கள் விசித்திரமாக வெடிக்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பிலிமோடு வருகிற அழுக்கு லேப்பின் ரசாயனத்தைக் கெடுத்து, மற்றவர்களுடைய ரோல்களையும் பாழாக்கலாம். நீங்களே வீட்டில் கழுவக் கற்றுக்கொண்டால் செய்யுங்கள். இல்லையென்றால் முன்கூட்டியே லேப்பில் சொல்லி, அவர்கள் சரி என்றால் மட்டும் கொடுங்கள். சொல்லாமல் கொடுப்பது தப்பு.

இன்னொன்று ரெட்ஸ்கேல். எனக்கு இது மிகவும் பிடிக்கும். கலர் பிலிமில் நீலத்தை உணரும் அடுக்கு மேலேயும், பச்சை நடுவிலும், சிவப்பு அடியிலும் இருக்கும். பிலிமைப் புரட்டிப் போட்டு முதுகுப் பக்கமாக எடுத்தால் வெளிச்சம் சிவப்பு அடுக்கை முதலில் தொடும், நீல அடுக்குக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். படம் முழுக்கச் செம்மண்ணிலிருந்து மஞ்சள் வரை ஓடும். லேப்பில் கேட்டு, சிறிது பிலிம் வால் நீட்டிக்கொண்டிருக்கும் காலி டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதிய 400 ரோலின் நாக்கை நேராக வெட்டி, புரட்டி, அந்த வாலோடு இரண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மேடு இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு டப்பாவையும் ஒரு கத்தரிக்கோலையும் கை நுழைக்கும் கறுப்புப் பைக்குள் வைத்து, காலி டப்பாவின் அச்சைத் திருப்பிப் பிலிம் முழுவதையும் அதற்குள் சுற்றி, கடைசியில் புதிய ரோல் வந்த டப்பாவின் வாயருகே வெட்டிவிடுங்கள். வெளியே ஒரு விரல் நீளம் விட்டு, பையிலிருந்து எடுத்து நாக்கு வடிவத்தில் வெட்டிக்கொண்டால் போடுவதற்குத் தயார். பிலிம் முதுகு வழியாக வெளிச்சம் போவதால் 400 என்பது 100 அல்லது 50 போல நடந்துகொள்ளும். நம் கேமராவில் அது நல்ல வெயிலுக்குச் சரியாகப் பொருந்தும். நிழலில் எடுத்தால் ஒன்றும் வராது. அதனால் உச்சி வெயிலில் கிளம்புங்கள். உறையின் மேல் பிலிம் புரட்டிப் போட்டது என்று எழுதிக் கொடுக்க மறக்க வேண்டாம்.